மார்த்தாவின் மூன்றில் ஒரு பங்கு: வர்ஜீனியா பயணக் குறிப்புகள்

செவ்வாய், வில்லியம்ஸ்பர்க்

பிரூட்டன் பாரிஷ் ஆலயத்தின் கல்லறைத் தோட்டம் ஊர் நடுவிலேயே இருக்கிறது. பழைய வர்ஜீனியத் தலைநகரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், முக்கோணத் தொப்பியை வாங்கி மாட்டிய கையோடு உள்ளே நுழைந்து, மரநிழலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நான் தேடி வந்தது டேனியல் பார்க் கஸ்டிஸ் என்பவரின் கல்லை. அவருக்கு அருகில் அவருடைய சின்னஞ்சிறு பிள்ளைகள் இரண்டு பேர். முதலில் ஊருக்கு வெளியே குயின்ஸ் கிரீக் கரையில் இருந்தவற்றைப் பின்னாளில் இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். எழுத்துகள் தேய்ந்து கிடக்கின்றன. நேராக நின்றால் ஒன்றும் புலப்படவில்லை. பக்கவாட்டில் குனிந்து, வெயில் சாய்வாக விழும் கோணத்தில் பார்த்தால் பள்ளங்களில் நிழல் தங்கி ஓரிரு சொற்கள் எழுந்து வருகின்றன.

இந்த டேனியலின் மனைவிதான் மார்த்தா. விதவையான பிறகு ஜார்ஜ் வாஷிங்டனை மணந்து, அமெரிக்காவின் முதல் அதிபரின் மனைவி என்று பள்ளிப் புத்தகங்களில் இடம்பிடித்தவர். எனக்கு வாஷிங்டனைவிட மார்த்தாவின் சொத்துக் கணக்கில்தான் ஆர்வம். பணிக்காலம் முழுவதும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பிறர் வீட்டுப் பாகப்பிரிவினையைப் படித்தே கழித்தவளுக்கு வேறு என்ன ஆர்வம் வரும்? ரிச்மண்டில் இருக்கும் என் தங்கை கார் ஓட்டுகிறாள். எங்கே போவது என்பதை நான் சொல்கிறேன். இந்த ஒப்பந்தம் இதுவரை நீடிக்கிறது.

மார்த்தாவின் மாமனார் ஜான் கஸ்டிஸ் வாழ்ந்த மனை இங்கிருந்து நடக்கும் தூரம்தான். பிரான்சிஸ் தெருவில் நான்கு ஏக்கர். அவர் வீடும், லண்டனிலிருந்து செடி வரவழைத்துப் போட்ட பெயர்பெற்ற தோட்டமும் இப்போது இல்லை. 2019 முதல் தொல்லியலாளர்கள் அங்கே தோண்டி, மண்ணின் நிறம் மாறும் இடங்களை வைத்தே வேலிக்கம்பங்கள் எங்கே நின்றன, நடைபாதை எப்படிப் போனது என்று கண்டுபிடித்தார்கள். இப்போது பார்ப்பவர் கண்ணுக்குப் பெரும்பாலும் புல்வெளிதான்.

இந்த ஜான் கஸ்டிஸ் சாதாரண ஆள் அல்ல. மனைவி பிரான்சிஸ் பார்க்கோடு ஒரு நாளும் ஒத்துப்போகவில்லை. 1714-ல் இருவரும் உட்கார்ந்து எழுத்துபூர்வமாக ஒப்பந்தமே போட்டிருக்கிறார்கள்: அவள் அவரைக் கெட்ட பெயர் சொல்லித் திட்டக் கூடாது, அவரும் அவளைத் திட்டக் கூடாது. அடுத்த ஆண்டே அந்த அம்மாள் இறந்துபோனார். கிழவர் அதோடு விடவில்லை. தன் கல்லறையில் என்ன பொறிக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்: எழுபத்தோரு வயது இருந்தாலும், தனியாளாகக் குடித்தனம் நடத்திய ஏழு ஆண்டுகள் மட்டுமே தாம் வாழ்ந்ததாக. அந்தக் கல் செசபீக் வளைகுடாவின் அக்கரையில் இன்றும் இருக்கிறது. அங்கே போகலாமா என்றேன். "அந்தப் பாலத்துக்குச் சுங்கம் யார் கட்டுவது அக்கா?" என்று தங்கை கேட்டதால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

அந்த பிரான்சிஸ் அம்மாள் கொண்டுவந்த சீதனத்தோடு ஒரு வழக்கும் வந்தது. அவருடைய தகப்பனார் டேனியல் பார்க், கரீபியனில் லீவர்ட் தீவுகளின் ஆளுநர். 1710 டிசம்பரில் ஆன்டிகுவாவில் ஊர்க்காரர்களே திரண்டு அவரைக் கொன்றார்கள். உயிலைப் பிரித்தால், தீவுச் சொத்து முழுவதும் வேறொருவர் மனைவிக்குத் தம்மால் பிறந்த லூசி என்ற குழந்தைக்கு. வர்ஜீனியச் சொத்து பிரான்சிஸுக்கு. கடன் எந்தச் சொத்தின் மேல் ஏறும் என்பதில்தான் சண்டை. லூசியின் கணவர் வீட்டார் தொடுத்த அந்த வழக்கு லண்டனில் மேல்முறையீடு கேட்கும் பிரிவி கவுன்சில் வரை போய், பல பத்தாண்டுகள் கடந்து, மார்த்தா விதவையான போதும் தீராமல் தலைக்கு மேல் தொங்கியது. இன்னொரு மருமகன் வில்லியம் பைர்ட், நிலம் கிடைக்கிறதே என்று மாமனாரின் கடனைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு, ஆயுள் முழுவதும் அதைக் கட்டினார். வில்லங்கம் பார்க்காமல் வாங்கியவர் கதை எல்லா ஊரிலும் இதுதான்.

ஜான் கஸ்டிஸுக்கு ஆலிஸ் என்ற அடிமைப் பெண்ணிடம் ஜாக் என்றொரு மகன் பிறந்தான். சட்டப்படியான மகன் டேனியல் மார்த்தாவை மணக்க விரும்பியபோது கிழவர் மறுத்தார். மார்த்தாவின் பிறந்த வீடான டான்ட்ரிட்ஜ் குடும்பம் தம் அந்தஸ்துக்குக் குறைவு என்பது அவர் எண்ணம். ஜேம்ஸ் பவர் என்ற வழக்கறிஞர் நண்பர் குறுக்கே வந்து, டேனியலின் பெயரால் சிறுவன் ஜாக்குக்கு ஒரு குதிரையும் சேணமும் கடிவாளமும் பரிசளித்தார். கிழவரின் மனம் இளகியது, சம்மதம் கிடைத்தது. ஆக, அன்றைய வர்ஜீனியாவின் பெரிய சொத்து ஒன்று மார்த்தாவின் பக்கம் திரும்பியதற்கு, அடிமையாகப் பிறந்த ஒரு மைத்துனச் சிறுவன் காரணம். ஜாக்குக்கு வீடு கட்டிக்கொடுக்கச் சொல்லி உயில் எழுதிவிட்டு 1749-ல் கிழவர் இறந்தார். 1751-ல் ஜாக்கும் இறந்துபோனான்.

புதன், நியூ கென்ட்

இன்று பார்த்தது குறைவு. மார்த்தா 1731-ல் பிறந்த செஸ்ட்நட் குரோவ் வீடு 1926-ல் எரிந்துவிட்டது. டேனியலோடு குடித்தனம் நடத்திய 'வெள்ளை மாளிகை' என்ற பண்ணை வீடு பமுங்கி ஆற்றங்கரையில் இருந்தது. அது 1862-ல் உள்நாட்டுப் போரில் எரிந்தது. அந்த இடமும் தனியார் நிலம், உள்ளே போக முடியாது. மிஞ்சியிருப்பது மரங்களுக்கு நடுவே தனியாக நிற்கும் செங்கல் கட்டடமான புனித பீட்டர் ஆலயம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. இதன் பாதிரியார் டேவிட் மாசம்தான் 1759 ஜனவரி 6 அன்று மார்த்தாவுக்கும் வாஷிங்டனுக்கும் திருமணம் செய்துவைத்தார். ஆலய வாசலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். மதியம் வரை வேறு ஒருவரும் வரவில்லை.

சாப்பிட்டபடி தங்கைக்குக் கணக்கைச் சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற ஊர்களில் பார்க்கப்போவது எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

1757 ஜூலையில் டேனியல் உயில் எழுதாமல் இறந்தார். மார்த்தாவுக்கு வயது 26. பிறந்த நான்கு பிள்ளைகளில் இரண்டு போய்விட்டன. மூன்று வயதைத் தொடாத ஜாக்கியும் கைக்குழந்தை பாட்சியும் மிச்சம். சொத்து 17,500 ஏக்கருக்கு மேல் நிலம், ஏறத்தாழ 300 அடிமைகள். உயில் இல்லாததால் சட்டமே பங்கு பிரித்தது. நிலம் மூத்த மகனுக்கு. விதவைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் ஆயுள் வரை அனுபவிக்க மட்டும். விற்க முடியாது, எழுதிவைக்க முடியாது; கண்ணை மூடினால் அப்படியே கஸ்டிஸ் வாரிசுகளுக்குத் திரும்பிவிடும். 1956-க்கு முன்னால் நம் இந்து விதவைகளுக்கு இருந்த வரையறுக்கப்பட்ட உரிமையைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

எனக்கு உறுத்துவது வேறு. வர்ஜீனியா 1705-ல் இயற்றிய ஒரு சட்டம், வாரிசுரிமை விஷயத்தில் அடிமைகளை அசையாச் சொத்து என்று வகைப்படுத்தியது. காலையில் எழுந்து வயலுக்கு நடந்துபோகும் மனிதர் அசையாச் சொத்து! கிணறு, மரம், மாமூல் வழிப்பாதை என்று பத்திரத்தில் தபசில், அதாவது சொத்து விவரம், எழுதிப் பழகியவள் நான். அந்தத் தபசிலில் ஆள் பெயர் வரும் என்று நினைத்ததில்லை. இந்த வகைப்பாட்டின்படி மார்த்தாவின் ஆயுள் பங்கில் நிலத்தோடு 84 பேர் வந்து சேர்ந்தார்கள்.

கணவர் இறந்ததும் மார்த்தா முடங்கிவிடவில்லை. லண்டனில் ராபர்ட் கேரி கம்பெனிக்கு அவரே கடிதம் எழுதினார். நிர்வாகம் இனி என் கையில், புகையிலை வரும், நல்ல விலைக்கு விற்றுக் கொடுங்கள் என்ற தோரணையில். ஒன்றரை ஆண்டு அவர் தனியாக நடத்திய காலம் இருக்கிறதே, சட்டத்தின் கண்ணில் அவர் ஒரு முழு ஆளாக இருந்தது அப்போதுதான். மறுமணம் ஆனதும் எல்லா அதிகாரமும் கணவர் கைக்குப் போனது. பிள்ளைகளின் பங்குக்கு வாஷிங்டன் பாதுகாவலராகி, ஆண்டுதோறும் நீதிமன்றத்தில் கணக்குக் காட்டினார். கணக்கில் அவர் மிகச் சுத்தம், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

வியாழன், மவுண்ட் வெர்னான்

95-ஆம் எண் நெடுஞ்சாலையின் நெரிசலைப் பற்றி எழுதி யாரையும் சோதிக்க விரும்பவில்லை. வாஷிங்டனின் பண்ணை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

வீட்டைப் பார்க்க வரிசையில் நிற்க வேண்டும். நேரம் குறித்த டிக்கெட். வழிகாட்டிகள் ஓர் அறையில் நிற்க விடுவதில்லை. பொடோமாக் ஆற்றைப் பார்த்த பின்புறத் திண்ணையில் மட்டும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம், நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். 1799 டிசம்பரில் வாஷிங்டன் இறந்த அறையை மார்த்தா பூட்டிவிட்டு மூன்றாம் தளத்துக்குக் குடிபோய்விட்டார். நாங்கள் போன அன்று அந்த மாடிக்கு விடவில்லை. கணவர் கடிதங்களை எரித்ததும் மார்த்தாதான், தப்பியவை ஒருசில.

இந்த வீட்டில்தான் 1773 ஜூனில் பாட்சி வலிப்பு வந்து இறந்தாள். பதினேழு வயது. அவள் பங்கில் சுமார் 16,000 பவுண்டு இருந்தது. பாதி அண்ணன் ஜாக்கிக்கு. தாய்க்கு வர வேண்டிய மறுபாதி, கணவர் என்ற முறையில் வாஷிங்டனுக்கு. லண்டன் வியாபாரிகளிடம் பெருகிக் கிடந்த அவரது கடன் அதில் தீர்ந்தது. அவர் அந்தப் பெண்ணிடம் மிகுந்த பாசம் வைத்திருந்தவர், இறப்பைப் பற்றி உருகி எழுதியவர். இரண்டும் உண்மைதான்.

கீழே செங்கல் கல்லறைக்கு நடந்தோம். கம்பிக் கதவுக்குப் பின்னால் இரண்டு சலவைக்கல் பேழைகள். மார்த்தாவின் பேழையில் அவர் வாஷிங்டனின் துணைவி என்று பொறித்திருக்கிறது. டான்ட்ரிட்ஜும் இல்லை, கஸ்டிஸும் இல்லை. சற்றுத் தள்ளி, மரங்களுக்குள், அடிமைகளைப் புதைத்த இடம். 1929-ல் வைத்த ஒரு கல் தரையோடு கிடக்கிறது. 1983-ல் ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் வடிவமைத்த வட்டமான நினைவிடம் அதற்குப் பக்கத்தில். உடைந்த தூண் ஒன்று, மூன்று படிகள். வரிசையில் எங்களோடு நின்றவர்களில் மிகச் சிலரே இதுவரை வந்தார்கள்.

வாஷிங்டன் இறக்கும் ஆண்டில் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தார்கள். 123 பேர் அவருடையவர்கள். 153 பேர் மார்த்தாவின் ஆயுள் பங்கு. 84 பேராக வந்தவர்கள் பிள்ளை குட்டிகளோடு பெருகியிருந்தார்கள். மீதிப் பேர் பெரும்பாலும் வாடகைக்கு எடுத்தவர்கள். தம் 123 பேரையும் மார்த்தாவின் மரணத்துக்குப் பின் விடுவிக்க அவர் உயில் எழுதினார். 153 பேரைத் தொட அவருக்கு உரிமை இல்லை. ஆனால் நாற்பது வருடம் ஒரே பண்ணையில் வாழ்ந்தவர்கள் யாருடைய பங்கு என்று பார்த்தா கல்யாணம் செய்துகொள்வார்கள்? சமையல்காரர் ஹெர்குலிஸ் வாஷிங்டனுடையவர். 1797-ல் வாஷிங்டனின் பிறந்த நாளன்றே தப்பிப் போனார். அவர் மனைவி ஆலிஸ் கஸ்டிஸ் பங்கு. பிள்ளை, தாயின் கணக்கில்தான் ஏறும். எனவே ஹெர்குலிஸுக்குச் சட்டப்படி விடுதலை வந்தபோதும் அவருடைய பிள்ளைகள் அடிமைகள்தான்.

தாம் இறந்தால் 123 பேருக்கு விடுதலை என்று தெரிந்த வீட்டில் இருப்பது மார்த்தாவுக்கு நிம்மதியாக இல்லை. அவரைப் பார்த்துவந்த அபிகேல் ஆடம்ஸ், இரண்டாம் அதிபரின் மனைவி, அப்படித்தான் எழுதுகிறார். 1801 ஜனவரி 1 அன்றே அவர்களை விடுவித்துவிட்டார். 1802 மே 22 அன்று அவர் இறந்ததும் 153 பேரையும் நான்கு பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்தார்கள்.

இனி மார்த்தாவின் சொந்த உயில். 1800-ல் எழுதியது. வெள்ளிப் பாத்திரங்கள், சீனப் பீங்கான், கட்டில், படங்கள் என்று பேரப்பிள்ளைகளுக்குப் பெயர் பெயராகப் பிரித்திருக்கிறார். அவர் பெயரை வைத்தே பேசப்படும் அந்த ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒரு சென்ட் கூட அதில் கிடையாது, எழுத அவருக்கு உரிமை இல்லை. 153 பேரும் கிடையாது. ஈலிஷ் என்ற ஒரே ஒரு மனிதர் மட்டும் மார்த்தாவுக்கு முழு உரிமையாகச் சொந்தமாக இருந்தார். அவரைப் பேரனுக்கு எழுதிவைத்திருக்கிறார்.

சட்டம் கையைக் கட்டியது, பாவம் அந்த அம்மாள் என்ன செய்வார் என்று பல இடங்களில் படித்தேன். 153 பேர் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஈலிஷ் விஷயத்தில் கையை யாரும் கட்டவில்லை. ஒரு வரி எழுதினால் போதும். உயிலில் அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு மார்த்தாவின் மேல் இருக்கும் மரியாதை குறைகிறது.

வெள்ளி, வாஷிங்டன் நகரம்

மழை. காரிலிருந்து இறங்கியது குறைவு.

தென்மேற்குப் பகுதியில் ஆறாம் தெருவில் தாமஸ் லா குடியிருந்த செங்கல் வீடு இன்னும் நிற்கிறது. இந்த மனிதர் நம் கதைக்குள் எங்கிருந்தோ வந்து நுழைகிறார்: பீகாரில் கயாவில் கலெக்டராக இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. நிலவரியை நிரந்தரமாக நிர்ணயிக்க வேண்டும் என்று வாதாடியவர்களில் ஒருவர். அந்தத் திட்டத்தை 1793-ல் சட்டமாக்கியவர் கார்ன்வாலிஸ். அமெரிக்க விடுதலைப் போரில் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்து, பிறகு இந்தியாவுக்கு வந்து, திப்புவிடமிருந்து திண்டுக்கல்லையும் பாராமகாலையும் வாங்கிய அதே கார்ன்வாலிஸ். யார்க்டவுன் முற்றுகைப் பாசறையில்தான் மார்த்தாவின் மகன் ஜாக்கிக்குக் காய்ச்சல் கண்டது. 1781 நவம்பரில் இறந்தான், இருபத்தேழு கூட முடியவில்லை. தகப்பனைப் போலவே அவனும் உயில் எழுதவில்லை.

லா, இந்தியப் பெண்ணிடம் பிறந்த மகன்களோடு அமெரிக்காவுக்கு வந்து, 1796-ல் ஜாக்கியின் மூத்த மகள் எலிசாவை மணந்தார். அந்தக் கல்யாணத்துக்கு மார்த்தா கொடுக்க நினைத்த பரிசு ஓனா ஜட்ஜ், தம் ஆயுள் பங்கில் இருந்த இளம் பணிப்பெண். செய்தி ஓனாவின் காதுக்கு எட்டியது. 1796 மே 21 அன்று, பிலடெல்பியாவில் எஜமானர்கள் சாப்பாட்டு மேசையில் இருக்கும்போது அவர் வீட்டைவிட்டு வெளியேறி, கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயர் போய்ச் சேர்ந்தார். 1848-ல் இறக்கும் வரை சட்டப்படி அவர் கஸ்டிஸ் சொத்துதான். எலிசாவின் கல்யாணமோ 1811-ல் விவாகரத்தில் முடிந்தது.

ஜார்ஜ்டவுனில் இரண்டாவது பேத்தி வாழ்ந்த டியூடர் பிளேஸின் வாசலை மட்டும் பார்த்தோம். எரியாமல் தப்பிய கடிதங்களில் ஒன்று அங்கே ஒரு மேசை இழுப்பறையில் இருந்தது.

சனி, ஆர்லிங்டன்

பேரன் ஜார்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்டிஸ் 1802-ல், பாட்டி இறந்த அதே ஆண்டில், இந்தக் குன்றின் மேல் தூண்கள் வைத்த மாளிகையைத் தொடங்கினார். இன்று சுற்றிலும் ராணுவக் கல்லறைகள். வெள்ளைக் கற்களுக்கு நடுவே மேடேறி வரும்போது தங்கைக்கு மூச்சு வாங்கியது, எனக்கும்தான்.

அவருடைய ஒரே சட்டபூர்வ மகள் மேரி, பின்னாளில் உள்நாட்டுப் போரில் தெற்குப் படைத் தளபதியான ராபர்ட் லீயை மணந்தவர். தகப்பனாரின் உயில்படி மேரிக்கும் ஆர்லிங்டன் ஆயுள் வரைதான். பிறகு மூத்த பேரனுக்கு. பாட்டியின் நிலைமை பேரன் மகள் தலையிலும்! உள்நாட்டுப் போரில் குடும்பம் வெளியேறியதும் அரசு 92 டாலர் 7 சென்ட் வரி கேட்டது. மேரி உறவினர் ஒருவரிடம் பணம் கொடுத்தனுப்பினார். உரிமையாளர் நேரில் வர வேண்டும் என்று வாங்க மறுத்தார்கள். 1864 ஜனவரியில் ஏலம். அரசே 26,800 டாலருக்கு எடுத்தது. அந்த மே மாதம் முதல் சவக்குழி தோண்டப்பட்டது. பேரன் வழக்குப் போட்டு, 1882-ல் உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்று வென்று, 1883-ல் 1,50,000 டாலர் வாங்கிக்கொண்டு நிலத்தை எழுதிக்கொடுத்தார். பத்திரம் கையில் இருந்தவர் கதை இது.

பத்திரம் இல்லாதவர் கதையும் இதே குன்றில் இருக்கிறது. கஸ்டிஸுக்கு அரியானா கார்ட்டர் என்ற அடிமைப் பெண்ணிடம் பிறந்தவர் மரியா. சார்லஸ் சைபாக்ஸை மணந்த அவரை விடுவித்து, தோட்டத்தின் ஓரத்தில் 17 ஏக்கர் கொடுத்தார் தகப்பனார். வாய் வார்த்தைதான், எழுத்து இல்லை. ஏலத்தில் அந்த 17 ஏக்கரும் சேர்ந்து போய்விட்டது. மகன் வில்லியம் மனுவோடு அலைந்தார். 1866-ல் நாடாளுமன்றம் மரியாவுக்காகத் தனிச் சட்டமே இயற்றி நிலத்தைத் திருப்பிக் கொடுத்தது. பதிவாகாத வாய்மொழித் தானம் ஒன்றைச் சட்டம் போட்டு உறுதிசெய்ததைக் கேட்டு, பழைய அலுவலக நண்பர்கள் நம்ப மாட்டார்கள். மரியா மார்த்தாவின் கொள்ளுப் பேத்தி. ஆயுள் பங்கு என்ற வளையத்தில் சிக்காமல் முழு உரிமையோடு மண் பெற்ற பெண், குடும்பத்தின் அந்தப் பக்கத்தில் இருந்தார்.

ஞாயிறு, ரீகன் விமான நிலையம்

விமானத்துக்கு நேரம் இருந்ததால், பார்க்கிங் கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் அபிங்டன் இடிபாட்டைத் தேடிப்போனோம். புல்மேட்டில் செங்கல் அடித்தளம், விளக்கப் பலகைகள், தலைக்கு மேல் விமானம். மூன்றாவது பேத்தி நெல்லி பிறந்த வீடு. 1930-ல் எரிந்தது.

1778-ல் ஜாக்கி அலெக்சாண்டர் குடும்பத்தாரிடம் இரண்டு நிலம் வாங்கினான். 1,100 ஏக்கர் ஒன்று; அதுதான் பின்னால் ஆர்லிங்டன். மற்றது இந்த அபிங்டன். இதற்கு ஒப்புக்கொண்ட விதிமுறை: அசலை இருபத்து நான்கு ஆண்டு கழித்துக் கட்டலாம், அதுவரை கூட்டு வட்டி. 12,000 பவுண்டு அசல் 48,000-ஐத் தாண்டும். வாஷிங்டன் கேள்விப்பட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகக் கடிதம் எழுதினார். அவன் இறந்த பிறகு, தாங்க முடியாமல் 1792-ல் நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

"இருபத்து நான்கு வருடக் கூட்டு வட்டியா? எங்கள் வீட்டுக் கடன் எவ்வளவோ தேவலை" என்றாள் தங்கை. அவளுடைய வீட்டுக் கடன் பத்திரத்தை அடுத்த முறை வரும்போது எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்.